வண்டி 27 கொடுத்த இரண்டு நட்சத்திரம்

2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை, மிச்சிகன் மாநில மேல் தீபகற்பத்தின் கால்டர் துறைமுகத்தில், மாவட்டப் பொது நூலகம் 412 வரலாற்று நூல்களின் முதுகில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி அவற்றை அடித்தளத்துக்கு இறக்கியது.

அந்த நூல்கள் மீது இரண்டு குற்றச்சாட்டுகள் இருந்தன. ஒன்று, அவை வெளிவந்து ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. மற்றொன்று, வாசகர்கள் நூலகத்தின் இணையதளத்தில் அவற்றுக்குக் கொடுத்திருந்த நட்சத்திரங்களின் சராசரி மூன்றுக்குக் குறைவாக இருந்தது.

முன்பெல்லாம் எந்தப் பழைய நூலைக் கழிப்பது என்பதை நூலகர்கள் முடிவு செய்தார்கள். நூலின் மேல் விளிம்பில் விரலை ஓட்டித் தூசியைப் பார்ப்பார்கள். நின்றபடியே இரண்டு பக்கம் படிப்பார்கள். பெரும்பாலும் திரும்ப வைத்துவிடுவார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன், தீபகற்பத்தை மாநிலத்தின் தென்பகுதியோடு இணைக்கும் பாலத்துக்கு அப்பாலிருந்து வந்து இயக்குநர் பொறுப்பேற்ற டாக்டர் பிரெஸ்டன் வைல்டர் இதைக் கண்டு வருந்தினார். நூலைப் படித்துப் பார்த்து முடிவெடுப்பது தனிமனித விருப்புவெறுப்புக்கு இடம் கொடுக்கும் என்றார். வாசகர் கருத்து வாரியம் என்ற ஐவர் அமைப்பு உருவானது. அதன் தலைவர் திருமதி கோரின் ஹேவர்ட்டி, ஓய்வுபெற்ற காப்பீட்டு அதிகாரி. முதல் கூட்டத்திலேயே அவர் ஒரு விதியைக் கொண்டுவந்தார்: வாரிய உறுப்பினர்கள் பரிசீலனையில் உள்ள எந்த நூலையும் படிக்கக் கூடாது.

"படிச்சுட்டா அப்புறம் எப்படி நடுநிலையா இருக்கறது?" என்று அவர் கேட்டார். விதி ஒருமனதாக நிறைவேறியது.

கருத்துகளை வாரியம் மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்தது. பதினான்காம் நூற்றாண்டுக் கொள்ளைநோயைப் பற்றிய நூலுக்கு ஒருவர் எழுதியிருந்தார்: 'கிட்டத்தட்ட எல்லோரும் செத்துவிடுகிறார்கள். முதல் பக்கத்திலேயே ஊகித்துவிட்டேன். ஒரு நட்சத்திரம்.' ரோமானியர் கட்டிய நீர்க்கால்வாய்களின் வரலாற்றை எடுத்துப்போன ஒருவருக்குத் தன் குளியலறைக் குழாயைச் சரிசெய்யும் வழி அதில் கிடைக்கவில்லை. திமிங்கில வேட்டை நூலைப் பற்றி ஒருவர், திமிங்கிலங்களின் தரப்பு கேட்கப்படவில்லை என்றார். அடுத்தவர், திமிங்கிலங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறது என்றார். இருவர் சொன்னதையும் ஏற்று வாரியம் நூலைக் கீழே அனுப்பியது. நெப்போலியன் ரஷ்யாவுக்குள் போய்ப் பனியில் மாட்டிக்கொண்டதை விவரிக்கும் எழுநூறு பக்க நூலுக்கு இந்த ஊர்க்காரர் ஒருவரின் ஒரே கருத்து: 'இதெல்லாம் ஒரு பனியா? பிப்ரவரியில் என் வீட்டு வாசலுக்கு வந்து பார்க்கச் சொல்லுங்கள்.'

தப்பிய நூல்களும் உண்டு. பொத்தான்களின் வரலாறு ஐந்து நட்சத்திரம் பெற்றிருந்தது. சன்னலுக்கு முட்டுக் கொடுக்கச் சரியான தடிமன் என்று வாசகர் பாராட்டியிருந்தார்.

உள்ளூர் வாரப் பத்திரிகைக்கு டாக்டர் வைல்டர் அளித்த பேட்டியில் சொன்னார்: "நாங்க எந்தப் புத்தகத்தையும் அழிக்கலை. அதை வாசகர்கள் செய்யறாங்க. நாங்க லாரிக்கு மட்டும்தான் ஏற்பாடு பண்றோம்."

அடித்தளத்துக்குப் போன நூல்களில் 286ஆவது, 'தாதுமேடை: கால்டர் துறைமுகத்தின் அறுபது ஆண்டுகள்'. 1957இல் வெளிவந்தது. எழுதியவர் ஆக்னஸ் டில்மன் என்ற பள்ளி ஆசிரியை, 1983இல் இறந்துவிட்டார். நூலில் கப்பல்களில் ஏறிய இரும்புத்தாதுவின் டன் கணக்கு அதிகம், படங்கள் குறைவு. அச்சான முந்நூறு பிரதிகளில் எஞ்சியிருப்பதாகத் தெரிந்தது இந்த ஒன்றுதான். இதற்கு வந்திருந்த கருத்தும் ஒன்றுதான். 2011இல் 'வண்டி27' என்ற பெயரில் பதிவானது. அது முழுமையாக இது:

'118ஆம் பக்கம் பச்சைப் பொய். படகோட்டி ஐனோ ஹக்கலா வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. அந்தம்மாள் எங்கே விசாரித்தாரோ தெரியாது. மற்றபடி டன் கணக்கு சரியாகத்தான் இருக்கும். இரண்டு நட்சத்திரம்.'

இதை எழுதியவர் ரெய்னோ ஹக்கலா. ஐனோவின் மகன். வயது எழுபத்து நான்கு. மாவட்டச் சாலைத் துறையில் முப்பத்தோரு குளிர்காலம் பனி ஒதுக்கும் லாரி ஓட்டியவர். அவருடைய லாரியின் எண் 27. இணையதளம் பெயர் கேட்டபோது அதைத்தான் கொடுத்தார்.

118ஆம் பக்கம் சொல்வது சுருக்கமானது. 1936 அக்டோபர் 3 மாலை, ஐனோ ஹக்கலா ஓட்டிய இழுவைப் படகு, கப்பல்களில் இரும்புத்தாது ஏற்றும் தாதுமேடையின் வடமுனையில் மோதியது. மேடையில் நின்ற ஆல்டோ பெர்னார்டி, ஜோசிப் ட்ராக்லிச் என்ற இரு தொழிலாளர்கள் ஏரியில் விழுந்து இறந்தார்கள். அவர்கள் நிற்கக் கூடாத இடத்தில் நின்றார்கள் என்று சுரங்க நிறுவனத்தின் விசாரணை முடிவு செய்தது. அது தவறு என்கிறார் டில்மன். அவர்கள் சரியான இடத்தில்தான் நின்றார்கள், படகோட்டிதான் குடித்திருந்தார் என்று எழுதுகிறார்.

2023 ஆகஸ்டில் ரெய்னோவும் அவருடைய அக்கா லெம்பியும் அப்பாவின் பழைய வீட்டை விற்பதற்காகக் காலிசெய்தார்கள். நீராவிக் குளியலுக்கான சானா அறையின் பரணில், எண்ணெய்த் துணியில் சுற்றிய படகுக் குறிப்பேடு ஒன்று கிடைத்தது. ஃபின்னிஷ் மொழியில் இருந்தது. அந்த மொழி லெம்பிக்குத்தான் நன்றாக வரும். அவர் சில பக்கங்களைப் புரட்டினார், ஒரு பக்கத்தில் நின்றார், மூடினார்.

"என்னக்கா எழுதியிருக்கு?"

"மீன் பிடிச்ச கணக்கு."

"இதுவரைக்கும் மீன் கணக்கைப் படிச்சு யாரும் முகம் வெளுத்துப் போய் நான் பார்த்ததில்லையே."

"தூக்கிக் குப்பையில போடுடா. மழை வர்றதுக்குள்ள கட்டிலை ஏத்தணும்."

ரெய்னோ அதைக் குப்பையில் போடவில்லை. ஒரு அகராதியை வைத்துக்கொண்டு மூன்று வாரம் எழுத்துக்கூட்டினார். அக்டோபர் 3ஆம் தேதிக்குக் கீழே அப்பாவின் கையெழுத்தில் மூன்று வாக்கியங்கள் இருந்தன. நான் குடித்திருந்தேன். அவர்கள் சரியான இடத்தில்தான் நின்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

நவம்பர் 16ஆம் தேதி ரெய்னோ நூலகத்துக்குப் போனார். கருத்தை மாற்றிவிட்டு வீட்டுக்கு வந்து, மான் வேட்டைக் கூடாரத்துக்கான சாமான்களைக் கட்டலாம் என்பது அவர் திட்டம். முன்மேசையில் மார்லிஸ் கோஸ்கி இருந்தார். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"ரெண்டு நட்சத்திரத்தை அஞ்சாக்கணும், மார்லிஸ். வேற ஒண்ணுமில்லை."

"வேற ஒண்ணுமில்லையா?" மார்லிஸ் கண்ணாடியைக் கழற்றினார். "கீழே போன புஸ்தகத்துக்குக் கருத்தெல்லாம் பூட்டியாச்சு. புதுசா யாரும் எழுத முடியாது. எழுதவிட்டா ஆளாளுக்கு நட்சத்திரத்தை அள்ளிப் போட்டுக் காப்பாத்திடுவாங்களாம். கருத்துப் பணவீக்கம்னு அதுக்குப் பேரு வச்சிருக்காரு டைரக்டர்."

"புதுசா எழுதலையே. என்னோட பழசைத்தானே திருத்தறேன்."

"அதுக்கு ஃபாரம் இருக்கு. எழுதினவங்க மட்டும்தான் கேக்கலாம்." மேசைக்கடியிலிருந்து ஒன்பது பக்கப் படிவத்தை எடுத்தார். "நீதான் முத ஆள். இதை அச்சடிச்சப்போ யாரும் வரமாட்டாங்கன்னுதான் சொன்னாங்க."

படிவத்தின் நான்காம் பக்கத்தில் 'கருத்து மாறியதற்கான காரணம்' என்ற பகுதி இருந்தது. இரண்டு கட்டங்கள்தான். ஒன்று, நூல் மாறிவிட்டது. இரண்டு, வாசகர் மாறிவிட்டார்.

"புஸ்தகம் எப்படி மாறும்?" என்றார் ரெய்னோ.

"அப்ப நீ மாறிட்டேன்னு போடு."

"நான் எங்க மாறினேன்? அதே ஆள்தான். எனக்கு அப்ப தெரியலை, இப்பத் தெரியுது."

"அதுக்குக் கட்டம் இல்லையே, ரெய்னோ."

அவர் இரண்டாம் கட்டத்தைக் குறித்தார். அதற்கு மருத்துவச் சான்று இணைக்க வேண்டும் என்று கீழே சிறிய எழுத்தில் இருந்தது. மறுநாள் மருத்துவமனைக்குப் போனார். அங்கிருந்த மருத்துவர் படிவத்தை இருமுறை படித்துவிட்டு, ரெய்னோவையும் ஒருமுறை பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்தார்: 'இவர் 2011இல் இருந்த அதே மனிதர்தான். இடது முழங்கால் மட்டும் புதிது.'

பத்து நாள் கழித்து வாரியத்திடமிருந்து கடிதம் வந்தது. வாசகர் பகுதியளவில் மாறியிருப்பது ஏற்கப்பட்டது. முழங்காலுக்கும் துறைமுக வரலாறு பற்றிய கருத்துக்கும் உள்ள தொடர்பை நூறு சொற்களுக்குள் விளக்குமாறு கேட்டிருந்தார்கள். ரெய்னோ விளக்கினார். தொடர்பு இல்லை என்பதை அவர் ஆறு சொற்களில் முடித்திருந்தார். மீதித் தொண்ணூற்று நான்கு சொற்களைப் பயன்படுத்தாததற்கான காரணத்தை அடுத்த கடிதம் கேட்டது.

அதற்குள் வேறொரு சிக்கல் எழுந்தது. கருத்தை எழுதியது வண்டி27. விண்ணப்பித்திருப்பது ரெய்னோ ஹக்கலா. இருவரும் ஒருவரே என்பதற்கு ஆதாரம் தேவைப்பட்டது. வாரியம் சாலைத் துறைக்கு எழுதிக் கேட்டது. சாலைத் துறை தன் பதிவேடுகளைப் பார்த்து ஒளிவுமறைவின்றிப் பதில் அனுப்பியது: வண்டி 27, அச்சு முறிந்த நிலையில், 2016இல் பழைய இரும்பாகக் கழிக்கப்பட்டது.

டிசம்பர் 12ஆம் தேதியிட்ட கடிதத்தில் வாரியம் ரெய்னோவுக்கு ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்தது. கருத்தாளர் இப்போது இல்லை என்பதால், அவர் விட்டுச்சென்ற கருத்தை அவரது இறுதி விருப்பமாகக் கொண்டு மதிக்க வேண்டியிருப்பதாகவும் எழுதியிருந்தது. ஆட்சேபம் இருந்தால் ஜனவரி 18 விசாரணைக்கு நேரில் வரலாம்.

ரெய்னோ அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு மார்லிஸிடம் போனார்.

"நான் செத்துட்டேன்னு எழுதியிருக்காங்க."

"நீ இல்லை, உன் வண்டி." மார்லிஸ் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு. அடித்தளச் சாவி என்கிட்டதான் இருக்கு. புஸ்தகத்தை எடுத்துத் தரேன். கோட்டுக்குள்ள வச்சுக்கிட்டுப் போயிடு. தொலைஞ்சு போச்சுன்னு பதிஞ்சுக்கறேன். தொலைஞ்ச புஸ்தகத்தை யாரும் லாரியில ஏத்த முடியாது."

"எங்க வீட்டு அலமாரியில இருந்து என்ன பிரயோஜனம்? அந்த ரெண்டு பேரும் தப்பான இடத்துல நிக்கலைன்னு ஊர்ல இருக்கறது இந்த ஒரே புஸ்தகத்துலதான். அது இங்க இருக்கணும். எவனாவது வந்து எடுத்துப் படிக்கணும்."

"எவனும் எடுக்கலையே இத்தனை வருஷமா."

"நான் எடுத்தேனே. எடுத்துப் படிச்சுட்டுப் பொய்யின்னு எழுதினேன். ஒரு பொய்யை எழுதினது போதும் மார்லிஸ், தொலைஞ்சுதுன்னு இன்னொண்ணு வேண்டாம்."

"நல்லவனா இருந்து நாசமாப் போ," என்று மார்லிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

அக்கா வீட்டில் அவருக்கு இதைவிடக் கடுமையான வரவேற்பு கிடைத்தது. லெம்பி காப்பியை ஊற்றினார், ஏலக்காய் ரொட்டியை வெட்டினார், ஆனால் தட்டைத் தம்பி பக்கம் நகர்த்தவில்லை.

"அப்பா போய் நாப்பது வருஷம் ஆச்சு. இப்ப மைக் வச்சு ஊரைக் கூட்டி அவரைக் குடிகாரன்னு சொல்லப்போறியா?"

"அவரே எழுதியிருக்காரேக்கா."

"எழுதிப் பரண்ல வச்சாரு. தெருவுல ஒட்டலை."

"கிழிச்சும் போடலையே."

லெம்பி தட்டை நகர்த்தினார். "நீ பிறக்கறதுக்கு முன்னாடி, ஒவ்வொரு அக்டோபரும் ஒருநாள் சாப்பிடாம சானாவுல போய் உக்காந்திருப்பாரு. அம்மாகிட்டக் கேட்டா, வயித்து வலின்னு சொல்லுவா." பிறகு, "நான் வரமாட்டேன். நீயே போய் நாறிக்கோ," என்றார்.

2024 ஜனவரி 18, வியாழன் மாலை நான்கு மணிக்கு நூலகத்தின் கூட்ட அறையில் விசாரணை தொடங்கியது. வெளியே ஓரடிக்கு மேல் புதுப்பனி. அப்படியும் நாற்பது பேர் வந்திருந்தார்கள். வாரியத்தார் ஐவரும் ஒரு நீளமேசையின் பின்னால் இருந்தார்கள். டாக்டர் வைல்டர் ஓரத்தில் மடிக்கணினியுடன் அமர்ந்திருந்தார். 286ஆம் எண் நூல், மஞ்சள் ஸ்டிக்கருடன், நெகிழி உறைக்குள் மேசை நடுவில் வைக்கப்பட்டிருந்தது. யாரும் தொடக் கூடாது என்று உறை மேல் எழுதியிருந்தது.

தலைவர் ஹேவர்ட்டி ஆரம்பித்தார். "மிஸ்டர் ஹக்கலா, உங்க அப்பா குடிச்சிருந்தாருங்கறதுக்கு என்ன ஆதாரம்?"

ரெய்னோ குறிப்பேட்டை மேசையில் வைத்தார்.

"இது அச்சாகலையே."

"படகுல உக்காந்து எழுதினது, மேடம்."

"எங்க விதிப்படி அச்சான ஆதாரம் வேணும். நம்ம லைப்ரரியிலயே இருக்கற புத்தகமா இருந்தா ரொம்ப நல்லது."

"இருக்கே. உங்க முன்னாடியே இருக்கு. 118ஆம் பக்கம்."

டாக்டர் வைல்டர் குறுக்கிட்டார். "மன்னிக்கணும். அந்த நூலை இப்போதைக்கு ஆதாரமா எடுத்துக்க முடியாது. நம்பகத்தன்மை பரிசீலனையில இருக்கு. அதுல இருக்கறது பொய்னு ஒரு வாசகர் புகார் பண்ணியிருக்காரு."

"அந்த வாசகர் நான்தாங்க."

"அதைத்தான் இன்னும் நாங்க உறுதி செய்யலை," என்றார் தலைவர்.

ரெய்னோ தொப்பியை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார். "சரி. நான் யாருன்னு எப்படித்தான் காட்டறது?"

"வண்டி27 நீங்கதான்னு தெரிஞ்ச யாராவது ஒருத்தர் சாட்சி சொல்லலாம்."

கடைசி வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. பூட்ஸில் இன்னும் கரையாத பனியோடு லெம்பி எழுந்து நின்றார். அவர் எப்போது வந்தார் என்று ரெய்னோவுக்குத் தெரியவில்லை.

"வண்டி 27 இவன்தான். முப்பத்தோரு வருஷம் நான் வாசல் பனியைத் தள்ளி முடிச்சதும் வந்து, மறுபடியும் இடுப்பளவுக்குக் குவிச்சுட்டுப் போனவன் இவன். சொந்த அக்கான்னுகூடப் பார்க்கலை. என் தபால் பெட்டியை ரெண்டு தடவை சாய்ச்சான்."

"எங்களுது மூணு தடவை," என்றது ஒரு குரல்.

"தொண்ணூத்தாறுல என் வேலியே போச்சு!"

"கையாட்டிட்டுப் போவான், அதான் இன்னும் எரிச்சல்!"

தலைவர் மேசையைத் தட்டினார். சாய்ந்த தபால் பெட்டிகள் பத்தொன்பது என்று செயலாளர் குறித்துக்கொண்டார். வண்டி27 உயிருடன் இருப்பதாகவும், அவர் ரெய்னோ ஹக்கலாவே என்றும் வாரியம் ஏற்றுக்கொண்டது. டிசம்பரில் தெரிவிக்கப்பட்ட இரங்கல் திரும்பப் பெறப்பட்டது.

"இப்ப நீங்க சொல்லலாம்," என்றார் தலைவர்.

ரெய்னோ பேச்சுக்காரர் அல்ல. தொப்பியைப் பார்த்தபடியே பேசினார்.

"எங்கப்பா குடிச்சு நாங்க பார்த்ததில்லை. கல்யாண வீட்டுலகூடக் காப்பிதான். அதனாலதான் அந்தம்மா எழுதினதைப் பொய்யின்னு நினைச்சேன். எனக்குத் தெரிஞ்ச ஆளு குடிக்காத ஆளு. ஆனா அவரு குடிக்காத ஆளானது அந்த அக்டோபர் மூணுக்கு மறுநாள்லேர்ந்துன்னு எனக்குத் தெரியலை. ரெண்டு பேரு செத்தாங்க. தப்பான இடத்துல நின்னாங்கன்னு கம்பெனி சொல்லுச்சு, எங்கப்பா வாயைத் திறக்கலை. அவங்க குடும்பத்துக்குச் சல்லிக்காசு தரலை. ஒரு டீச்சரம்மா மட்டும் இருபது வருஷம் கழிச்சு விசாரிச்சு உள்ளதை எழுதினாங்க. நான் அதைப் பொய்யின்னுட்டேன். நான் கேக்கறது பெருசா ஒண்ணுமில்லை. என் ரெண்டு நட்சத்திரத்தை எடுத்துடுங்க. அந்தப் புஸ்தகத்தை மறுபடி மேல வைங்க."

வாரிய உறுப்பினர் ஒருவர் கைக்குட்டையை எடுத்தார். லெம்பி நின்றுகொண்டே இருந்தார்.

"ரொம்ப உருக்கமா இருந்துச்சு," என்றார் தலைவர். "பகிர்ந்துக்கிட்டதுக்கு நன்றி." ஐவரும் தலையைச் சேர்த்து ஏழு நிமிடம் பேசினார்கள். பிறகு டாக்டர் வைல்டர் எழுந்தார்.

"இன்னிக்கு வரைக்கும் நமக்கு வண்டி27 யாரோ பேர் தெரியாத ஒரு வாசகர். அவரோட கருத்து சாதாரணக் கருத்து. ஆனா இப்ப நமக்கு ஒரு பெரிய உண்மை தெரிய வந்திருக்கு. அவர் அந்தப் படகோட்டியோட சொந்த மகன். அப்பாவோட ஒரே வீட்டுல இருந்தவர். சம்பவத்துக்கு இவ்வளவு நெருக்கமான வாசகர் நம்ம லைப்ரரியில வேற யாரும் கிடையாது. அதனால 2011ஆம் வருஷக் கருத்து இனிமே வெறும் கருத்து இல்லை. குடும்பச் சாட்சியம். விதி பதினொண்ணுபடி குடும்பச் சாட்சியத்துக்கு இரண்டு மடங்கு மதிப்பு."

"அது தப்புன்னு அந்தக் குடும்பந்தானே சொல்லுது!" என்றார் லெம்பி.

"சொல்றாங்க. அது அவங்களோட இன்றைய உணர்வு. அதை நாங்க மதிக்கிறோம். ஆனா அன்னிக்கு எழுதினது யாரும் வற்புறுத்தாம, தானா, கோபத்துல எழுதினது. அதுலதான் உண்மை இருக்கும். யோசிச்சுச் சொல்ற கருத்தை எப்பவும் கொஞ்சம் சந்தேகப்படணும்." அவர் கூட்டத்தைப் பார்த்தார். "கருத்துங்கறது ஒரு வரலாற்று ஆவணம், நண்பர்களே. ஆவணத்தைத் திருத்த ஆரம்பிச்சா அப்புறம் வரலாறுன்னு எதுதான் மிஞ்சும்?"

திருத்தக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. கோரிக்கையின் உருக்கத்தைப் பாராட்டி ஒரு தீர்மானம் தனியாக நிறைவேறியது.

"அப்ப எப்படியும் கழிக்கப்போறீங்க. அந்தப் புஸ்தகத்தை எனக்காவது குடுங்க," என்றார் ரெய்னோ.

தலைவர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். கழிக்கப்படும் நூல்களை விரும்புகிறவர்கள் எடுத்துப்போகலாம்தான். ஆனால் இந்த நூலை ரெய்னோ விரும்பவில்லை என்பது பதிவில் இருந்தது.

வெளியே வந்ததும் லெம்பி தம்பியின் வண்டியிலேயே ஏறிக்கொண்டார். கொஞ்ச தூரம் போன பிறகு, "நீ தொப்பியைப் போட்டுச் சுருட்டினது பார்க்கச் சகிக்கலை," என்றார். இன்னும் கொஞ்ச தூரம் போன பிறகு, "அந்த ரெண்டு பேரோட பேரை எப்படி எழுதணும்னு குறிச்சு வச்சிருக்கியா?" என்று கேட்டார்.

"வச்சிருக்கேன்."

பிப்ரவரி 6ஆம் தேதி 411 நூல்கள் லாரியில் ஏறிக் காகிதக்கூழ் ஆலைக்குப் போயின. ஒன்று குறைந்ததை வாரியம் விசாரித்தது. அது பனியைப் பற்றிய நெப்போலியன் நூல் என்றும், யாரோ இரவல் எடுத்துப்போயிருக்கிறார் என்றும் தெரிந்தது. தாதுமேடை நூல் லாரியில் ஏறியதை மார்லிஸ் பார்த்தார்.

மார்ச்சில் நூலகத்தின் முன்கூடத்தில் 'வாசகர் குரல்' என்ற நிரந்தரக் கண்காட்சி திறக்கப்பட்டது. அதன் முதல் காட்சிப்பொருள், கண்ணாடிச் சட்டத்துக்குள், பெரிய எழுத்தில் அச்சிட்ட வண்டி27இன் 2011ஆம் ஆண்டுக் கருத்து. பார்வையாளர்கள் அதற்கும் நட்சத்திரம் கொடுக்க ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். ஏப்ரல் இறுதிவரை அறுபத்தொரு பேர் கொடுத்திருந்தார்கள். சராசரி நான்கே முக்கால். 'சுருக்கம், நேர்மை, ஒரு மகனின் பாசம்,' என்று ஒருவர் எழுதியிருந்தார். பெர்னார்டி, ட்ராக்லிச் என்ற பெயர்களை நூலகத்தின் தேடுபெட்டியில் இட்டால், எதுவும் கிடைக்கவில்லை என்று வரும்.

ஏரியின் பனி உடைந்த வாரத்தில், தாதுமேடையின் வடமுனைக்குப் போகும் பாதையோரத்தில் பச்சைத் தகரப் பலகை ஒன்று காணப்பட்டது. மாவட்டத்தின் மற்றச் சாலைப் பலகைகளைப் போலவே அதே உயரம், அதே வெள்ளை எழுத்து, அதே ஆணிகள். 'ஆல்டோ பெர்னார்டி, ஜோசிப் ட்ராக்லிச். 3 அக்டோபர் 1936. இவர்கள் சரியான இடத்தில்தான் நின்றார்கள். படகோட்டி ஐனோ ஹக்கலா குடித்திருந்தார்,' என்று இருந்தது.

மே 9ஆம் தேதி சாலைத் துறை அதை ஆய்வு செய்தது. அந்தப் பலகை துறையின் பதிவேட்டில் இல்லை. பதிவேட்டில் இல்லாத பலகையை அகற்ற, அதை நட்டவரே எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும். இதுவரை யாரும் விண்ணப்பிக்கவில்லை.